ஆளுக்கொரு பிடி

வேலாமணியின் வலது கணுக்காலுக்குள் ஒரு தகடும் சில திருகாணிகளும் இருக்கின்றன. சோலூருக்குக் கீழே உள்ள தேயிலைத் தோட்டத்தில், ஆடி மழையில், முதுகில் இலைப்பையோடு வழுக்கி உருண்டதற்குக் கிடைத்த சன்மானம் அது. ஊட்டி ஆஸ்பத்திரியில் தையல் பிரித்த டாக்டர் நல்ல மனிதர். "தாராளமா நடக்கலாம்மா. சரிவுல மட்டும் நிக்கக் கூடாது" என்றார். நீலகிரியில் பிறந்தவள் சரிவில் நிற்காமல் வேறெங்கே போய் நிற்பது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

பதினெட்டு வருஷம் இலை பறித்தவள். வேலை போனதைவிடச் செட்டை விட்டு வந்ததுதான் அவளுக்குப் பெரிய துக்கம். பக்கத்துப் பக்கத்து வரிசையில் நின்று பறிக்கும் பெண்களை அங்கே செட்டு என்பார்கள். வேலாமணியின் செட்டில் அவளைச் சேர்த்து எட்டுப் பேர். வாய் பெரியது அங்கம்மாவுக்கு, ஆகவே தலைமையும் அவளுக்குத்தான். அந்தச் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சல், தலைவலி, வீட்டில் சண்டை என்று யாருக்காவது கை ஓடாமல் இலை குறைந்துபோனால், நிறுவைக்குப் போகும் வழியில் மற்றவர்கள் ஆளுக்கொரு பிடி இலையை அவள் பைக்குள் போட்டுவிடுவார்கள். பின்னாலிருந்துதான் போடுவார்கள். வாங்கிக்கொள்கிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. நன்றி கின்றி என்று வாயைத் திறக்கவும் கூடாது. திறந்தால், "ஏன், நாளைக்கு நீ எனக்குப் போட மாட்டியா?" என்று அங்கம்மா சண்டைக்கு வந்துவிடுவாள். மகள் ரேகா வயிற்றில் இருந்தபோது, கடைசி மாதம் முழுக்க வேலாமணியின் பை அப்படித்தான் நிறைந்தது.

விபத்துக்காகத் தோட்டத்தில் கொடுத்த தொகை கைக்கு வந்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஆடு வாங்கு என்றார் ஒருவர், சீட்டுப் போடு என்றார் இன்னொருவர். வேலாமணி யார் பேச்சையும் கேட்கவில்லை. அவள் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தாள். எங்கோ வடக்கே பனி மலையில் ஒரு அம்மாள் உட்கார்ந்துகொண்டு, மேசை விளிம்பில் இறுக்கிய இரும்பு உருளையின் கைப்பிடியைச் சுற்றுகிறாள். உருளையைச் சுற்றி நிற்கும் ஊசிகள் ஏறி இறங்குகின்றன. அடியிலிருந்து சாக்ஸ் இறங்கி வருகிறது. கரண்ட் வேண்டாம், சத்தம் இல்லை, எல்லாவற்றுக்கும் மேலாக நிற்க வேண்டியதில்லை. போன் சூடாகும் வரை அதையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"ஏனுங்க, இத ஒண்ணு வாங்கலாமுங்களா?"

அவள் புருஷன் பாலன் தோட்டத்துப் பச்சை இலை லாரி ஓட்டுகிறவன். வளைவில் நிதானம், வாயில் நிதானம் இல்லை. "காலுக்கு வந்த பணம் காலுக்கே போகட்டுங்கற. ஆழந் தெரியாம கால உடாத புள்ள. உனக்கு இருக்கறதே ஒண்ணரைக் காலு" என்றான்.

விட்டாள். மிஷின் லூதியானாவிலிருந்து பார்சலில் மேட்டுப்பாளையம் வந்து, பாலனின் சிநேகிதனுடைய காய்கறி லாரியில், காலியான கேரட் பெட்டிகளுக்கு நடுவே மலை ஏறியது. கூட வந்த காகிதம் இந்தியில் இருந்தது. வீடியோ அம்மாள் பேசியதும் இவளுக்குப் புரியாத பாஷை. இவளுக்கும் மிஷினுக்கும் நடுவே மொழிபெயர்ப்பதற்கு ஆள் இல்லாமல், மாமியாரும் புது மருமகளும் மாதிரி கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டே இருந்தார்கள். நூல் இறுகினால் ஊசி வளையும். தளர்ந்தால் கண்ணி நழுவி, பின்னிய அத்தனையும் மடியில் வந்து விழும். அடியில் தொங்கும் எடைக்குண்டை ஏற்றி மாட்ட மறந்தால் அன்றைய வேலை அதோடு சரி. குதிகால்தான் பெரிய வித்தை. பாதி ஊசிகளைத் தூக்கி வைத்துவிட்டு, கைப்பிடியை முழுதாகச் சுற்றாமல் முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். முதலில் வந்த உருப்படிக்குக் குதிகாலே இல்லை. பாலன் அதை எடுத்து டார்ச் லைட்டுக்கு உறையாக மாட்டிப் பார்த்தான். கச்சிதமாக இருந்தது.

ஐப்பசியில் ஆரம்பித்த போராட்டம் மார்கழித் தொடக்கத்தில் முடிந்தது. பனி கொட்டும் ஒரு காலையில், குதிகால் குதிகாலாகவும் நுனி நுனியாகவும் ஒரு ஜோடி வந்தது. பாலன் அதை மாட்டிக்கொண்டு லாரிக்குப் போனான். சாயங்காலமும் கழற்றவில்லை. அவனிடமிருந்து அதற்கு மேல் பாராட்டை எதிர்பார்ப்பவள் அவனோடு குடும்பம் நடத்த முடியாது.

அடுத்ததாக வேலாமணி செய்த ஏழு ஜோடியும் செட்டுக்கு. ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒவ்வொரு ஜோடியையும் நடுவில் சேர்த்துக் கட்டிய ஒரு சிவப்பு நூல் முடிச்சு. பொங்கலன்று, செட்டுப் பெண்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போய் அவளே கொடுத்தாள். அங்கம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மழைக்கு பூட்ஸுக்குள்ள போட்டுக்கறங்கண்ணு. இனி எங்காலு பூப்போல இருக்கும்" என்றாள். வெடிப்பு விழுந்த அந்தக் குதிகாலை வேலாமணிக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியும். அன்றைக்கு அவளுக்கு இருந்த நிறைவை எந்தச் சம்பள நாளிலும் அவள் அனுபவித்ததில்லை.

நிறைவு இருந்தது, வியாபாரம் இல்லை. ஊட்டிக் கடைகளில் கரண்ட் மிஷினில் செய்த சாக்ஸ் மலையாகக் குவிந்து கிடக்கிறது. இவளுடையதை யார் கேட்பார்கள்? இதற்கிடையில் திருப்பூரிலிருந்து பாலனின் அக்கா தீபலட்சுமி ஞாயிறு தவறாமல் போன் போட்டாள். தம்பிக்குக் கம்பெனி வேன் ஓட்டும் வேலை பேசி வைத்திருக்கிறாள். வேலாமணிக்கு உட்கார்ந்து பனியன் மடிக்கும் வேலை. பக்கத்திலேயே வீடு, ரேகாவுக்கு நல்ல பள்ளிக்கூடம். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத மனுஷி, அதனால் மறுப்பதும் கஷ்டமாக இருந்தது. ஒருத்தன் சம்பாத்தியத்தில் குடும்பம் இழுபடுவதும் உண்மைதான்.

வேலாமணி வீட்டு வாசலில் நின்றால் எதிர்ச் சரிவில் செட்டு ஏறுவது தெரியும். நிறம் நிறமான தலைத்துண்டுகளை வைத்தே யார் எவர் என்று சொல்லிவிடுவாள். அதைப் பார்க்காமல் ஒரு ஊரில் விடியும் என்பதையே அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "நான் எறங்க மாட்டனுங்க" என்றாள். அழுகையாகச் சொன்னாளா கோபமாகச் சொன்னாளா என்று பாலனுக்கே பிடிபடவில்லை.

"எனக்கு மட்டும் அந்த வெயில்ல போயி வேகோணும்னு ஆசையா?" என்றான் அவன். "சரி. ஒரு ஆர்டர். ஒரே ஒரு ஆர்டர் புடிச்சு, சொன்ன தேதிக்கு முழுசா குடுத்துக் காட்டு. அக்காகிட்ட வேண்டாம்னு நானே சொல்லீர்றேன். இல்லீன்னா, பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முந்தி எறங்கீரலாம்."

ஆர்டர் அவன் காலிலேயே வந்தது. சோலூர் ரோட்டில் புதிதாக விருந்தினர் விடுதி கட்டிய ராஜசேகர் என்ற கோயம்புத்தூர்க்காரர், டீக்கடையில் பாலன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "இந்த சாக்ஸ் எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். சீசனுக்கு வருகிறவர்களுக்கு அறையில் ஆளுக்கொரு ஜோடி வைக்க வேண்டுமாம். நிறம் எதுவானாலும் சரி, கையால் செய்ததாக இருக்க வேண்டும். நாற்பது ஜோடி. சித்திரை கடைசித் திங்கட்கிழமை அவர் கைக்கு வந்தாக வேண்டும், அன்றைக்கு மறுநாள் முதல் கூட்டம் வருகிறது.

வேலாமணி உட்கார்ந்தாள். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை சுற்றினாள். சுற்றுகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டே கணுக்கால் வரை, பிறகு குதிகால், பிறகு எண்ணிக்கொண்டே பாதம். ஒற்றை ஒற்றையாக இறக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டே போனாள். சாயங்காலங்களில் நுனியைக் கையூசியால் தைத்து மூடினாள். ஜோடி சேர்ப்பதைக் கடைசியில் அலசிக் காயவைத்த பிறகு ஒரேயடியாகச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அந்த வருஷம் கோடை மழை நன்றாகப் பெய்து, தோட்டத்தில் இலை தள்ளிக்கொண்டு வந்தது. தோட்டத்துத் தேயிலை பேக்டரியில் ஷிப்டு கூட்டினார்கள். மார்கழியில் காலை, மதியம், மாலை என்று அடக்கமாக ஊதிய சங்கு, இப்போது நினைத்தபோதெல்லாம் ஊதியது. வேலாமணிக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், காய்ந்த சாக்ஸை எல்லாம் பாயில் கொட்டி ஜோடி சேர்க்க உட்கார்ந்தாள். முதல் ஜோடியில் ஒன்று விரல்நீளம் பெரிதாக இருந்தது. பரவாயில்லை என்று அடுத்ததை எடுத்தாள். அதில் ஒன்று முழங்காலைப் பார்த்தது, இன்னொன்று கணுக்காலோடு நின்றது. நிறம் நிறமாகப் பிரித்து, ஒரே நாளில் பின்னியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அண்ணன் தம்பி மாதிரி இருந்ததே தவிர ஒன்றுகூட இரட்டையாக இல்லை. எண்ணித்தானே சுற்றினேன், எண்ணித்தானே சுற்றினேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பாலன் வந்து பார்த்தான். கேலி செய்யவில்லை. "சரி, சோத்தப் போடு" என்று மட்டும் சொன்னான். சாப்பிட்டு எழுந்து எங்கோ போய்விட்டு வந்தான்.

எங்கே போனான் என்பது ஞாயிறு காலையில் தெரிந்தது. தோட்டத்தில் பறிப்புக்காரர்களுக்கு லீவு. துணி துவைக்க, சந்தைக்குப் போக என்று வாரத்தில் இருப்பது அந்த ஒரு நாள். செட்டு மொத்தமும் வாசலில் நின்றது.

அங்கம்மா பாயைப் பார்த்தாள். "ஏங்கண்ணு, சாக்ஸ் பின்னச் சொன்னா பாம்புல சாரை, மலைப்பாம்பு எல்லாம் பின்னி வெச்சிருக்கற?"

"நான் எண்ணித்தானக்கா சுத்தினேன்" என்றாள் வேலாமணி. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "எப்பிடி இப்பிடி ஆச்சுன்னே தெரியலக்கா. நாளைக்குக் குடுக்கோணும். குடுக்கலீன்னா..."

"தெரியும், திருப்பூரு. உம்புருஷன் சொன்னாப்ல. மூக்கத் தொடச்சுட்டு நகந்து உக்காரு."

ஏழு பேரும் பாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரே நாளில் பின்னியது ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று என்ன சட்டம்? நெட்டைக்கு நெட்டை, குட்டைக்குக் குட்டை என்று துணை தேடினால் போகிறது. இது அங்கம்மாவின் வாதம். ஒருத்தி கையில் பச்சையை விரித்துப் பிடிப்பாள், இன்னொருத்தி குவியலைக் கிளறி அதே நீளத்தில் இன்னொரு பச்சையை இழுப்பாள். மாப்பிள்ளைக்குப் பெண் பார்ப்பது போல் ஒவ்வொன்றுக்கும் விமரிசனம் நடந்தது. "இவனுக்கு இவ உசரம் பத்தாது, தள்ளு" என்று செட்டில் ஒருத்தியான சசிகலா சொல்ல, வேலாமணிக்கே அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது.

அப்போது பேக்டரியில் சங்கு ஊதியது.

ஏழு பேர் கையிலிருந்த சாக்ஸும் பாயில் விழுந்தது. மூன்று பேர் இடுப்பில் கைவைத்து எழுந்தே விட்டார்கள். அங்கம்மாவின் கை முதுகுக்குப் பின்னால் போய், இல்லாத இலைப்பையின் வாரைத் தேடியது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லீவு நாள். உட்கார்ந்திருப்பது வீடு. எங்கே எழுந்தோம்?

வேலாமணி வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தாள். தன்னுடைய கையும் மடியில் விழுந்து கிடப்பதை அப்போதுதான் பார்த்தாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? பதினெட்டு வருஷம் சங்கு ஊதினால் கையை விட்ட உடம்பு, மிஷின் முன்னால் உட்கார்ந்தும் விட்டிருக்கிறது. அதோடு வாயில் இருந்த எண்ணிக்கையும் போயிருக்கிறது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து, விட்ட இடம் ஞாபகம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, வாயில் வந்த எண்ணிலிருந்து தொடர்ந்திருக்கிறாள்.

"சங்குக்கா! சங்குதான்க்கா!" என்று அவள் கத்தியதும் விஷயம் எல்லோருக்கும் புரிந்தது. சிரித்தார்கள். சசிகலா பாயில் உருண்டு சிரித்தாள். உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்த பாலன் என்னவோ ஏதோவென்று கரண்டியோடு ஓடிவந்தான்.

சிரித்து முடித்து எண்ணியபோது முப்பத்தொரு ஜோடி சேர்ந்திருந்தது. மீதிக் குவியலில் ஒன்றோடொன்று சேராத ஒற்றைகள். ஒன்பது ஜோடி குறைகிறது. சிரிப்பு அடங்கிவிட்டது. எப்படிச் சுற்றினாலும் மாலைக்குள் இரண்டு ஜோடிக்கு மேல் வராது என்பது வேலாமணிக்குத் தெரியும். அவள் சொல்லாமலே மற்றவர்களுக்கும் தெரிந்தது. "ஆவறத செய் கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு அங்கம்மா எழுந்தாள். எல்லோரும் போய்விட்டார்கள். போகத்தான் வேண்டும், அவர்களுக்கும் வீடு இருக்கிறது என்று வேலாமணி நினைத்துக்கொண்டாள். இருந்தாலும் மனசு கொஞ்சம் வலித்தது.

அன்று பாலன் முதல் தடவையாக மிஷின் முன்னால் உட்கார்ந்தான். "நீ ஊசியப் பாரு. நான் சுத்தறேன், நாந்தான் எண்ணுவேன். எனக்குச் சங்கும் இல்ல மங்கும் இல்ல" என்றான். பால்காரர் கணக்காக உரக்க எண்ணிக்கொண்டே சுற்றினான். குதிகாலுக்கு மட்டும் அவளிடம் கைப்பிடியைக் கொடுத்தான். இரண்டு ஜோடியும் இம்மி பிசகாமல் வந்தன. அவன் தோள்பட்டையைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "லாரி ஸ்டியரிங்கே தேவல" என்றான். அந்த மனுஷன் தன் பக்கம்தான் இருக்கிறான், எப்போதும் தன் பக்கம்தான் இருந்திருக்கிறான் என்று வேலாமணிக்கு அப்போது தோன்றியது. அவனுக்கு இன்னொரு முட்டை போட்டுச் சோறு வைத்தாள்.

திங்கட்கிழமை காலை, முப்பத்துமூன்று ஜோடியைச் சாக்கில் அடுக்கி, வாயைக் கட்டாமல் வாசல்படியில் வைத்தாள். குறைச்சலாகக் கொடுத்து ராஜசேகரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான். பாலன் வைத்த பந்தயத்தில் தோற்றாயிற்று. உள்ளே போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது, செட்டு வேலைக்குப் போகிறது. பேச்சே இல்லாமல் போகிறார்களே, அந்தச் செட்டு ஒருநாளும் வாயை மூடிக்கொண்டு நடந்ததில்லையே என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

சாக்கின் மேல் ஏழு ஜோடி சாக்ஸ் கிடந்தது. ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஒவ்வொன்றின் நடுவிலும் அவள் பொங்கலுக்குப் போட்ட சிவப்பு நூல் முடிச்சு, அவிழ்க்காமல் அப்படியே இருந்தது.

ஒருத்திகூடப் போட்டுக்கொள்ளவில்லை. தை, மாசிப் பனியில் அந்தக் கால்களோடு பூட்ஸுக்குள் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். இது நல்லதாச்சே, இதைப் போய் வேலைக்குப் போடுவதா என்று பெட்டிக்குள் வைத்திருந்திருக்கிறார்கள். அங்கம்மாவின் ஜோடியில் கற்பூர வாசனை வந்தது. வேலாமணி அதை முகத்தில் அழுத்திக்கொண்டு படியில் உட்கார்ந்து அழுதாள். வருத்தத்திலா நன்றியிலா என்று கேட்டால் இரண்டும்தான், ஆனால் நன்றிதான் கூட. எதிர்ச் சரிவில் ஏழு தலைத்துண்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. கூப்பிட வாயெடுத்தாள். வழக்கம் நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டாள்.

ராஜசேகர் நாற்பதையும் எண்ணவில்லை. ஒரு நீளத்தையும் ஒரு குட்டையையும் எடுத்துக் கையை நுழைத்துப் பார்த்தார். "பரவால்லீங்களே! சின்னக் காலு, பெரிய காலு எல்லாத்துக்கும் தனித்தனி அளவு போட்டிருக்கீங்க. நான் சொல்ல மறந்துட்டேன்னு நெனச்சேன்" என்றார். வேலாமணி பாலனைப் பார்த்தாள். பாலன் கூரையைப் பார்த்தான். "ஆமாங்க, வர்றவங்க எல்லாரும் ஒரே உசரமா இருப்பாங்களா?" என்றாள். மழைக்காலத்துக்கு இன்னொரு நாற்பதுக்கும் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு தீபலட்சுமியின் போன் வந்தபோது பாலனே எடுத்தான். "இல்லீங்க்கா. எங்களுக்கு இங்கயே இருக்கட்டும். உங்களுக்கு ரெண்டு ஜோடி சாக்ஸ் அனுப்பறேன்... திருப்பூர்ல எதுக்கா? ஏசி போட்டுட்டுப் போட்டுக்குங்க" என்றான்.

சங்கு ஊதினால் வேலாமணியின் கை இப்போதும் விழத்தான் செய்கிறது. அதோடு சண்டை போடுவதை அவள் விட்டுவிட்டாள். பத்துச் சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை என்று கிண்ணத்தில் போட்டுவருகிறாள். வாயில் உள்ளதைச் சங்கு கொண்டுபோகும், கிண்ணத்தில் உள்ளதை என்ன செய்யும்?

சேராமல் கிடந்த ஒற்றைகளை எல்லாம் அவள் பிரித்து நூலாக்கினாள். இருந்த நிறங்களைக் கலந்து, முழங்கால் வரை வரும்படி, குதிகால் இரட்டை நூலில், ஏழு ஜோடி சுற்றினாள். சிவப்பு முடிச்சு போடவில்லை. அழகாக இருந்தால்தானே பெட்டிக்குள் போகும்?

வைகாசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், மதியச் சங்குக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் பையுமாக அவள் இலைக் கொட்டகைக்கு ஏறினாள். விழுந்ததற்குப் பிறகு அந்தச் சரிவில் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. டாக்டர் பார்த்திருந்தால் திட்டியிருப்பார். செட்டு நிறுவைக்கு வரிசையில் நின்றிருந்தது, முதுகெல்லாம் இவள் பக்கம். வேலாமணி பின்னாலேயே போய், ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு ஜோடியை இலைமேல் வைத்துக்கொண்டே வந்தாள். பைக்குள் கை நுழைந்தது அவர்களுக்குத் தெரிந்தது. ஒருத்தியும் திரும்பவில்லை.

எடை போடும் சுரேஷ்தான் கெடுத்தான். "என்னக்கா இது, இலைக்குள்ள கம்பளி கெடக்குது?"

"கெடந்தா எடுத்துக் குடு தம்பி. எடையில கழிச்சுக்கோ" என்றாள் அங்கம்மா, தலையைத் திருப்பாமலே. வாங்கிக்கொண்டு கொட்டகைப் படியில் உட்கார்ந்தாள். பூட்ஸைக் கழற்றி, நனைந்த பழந்துணியைப் பிரித்து எறிந்துவிட்டு, வெடித்த குதிகாலை உள்ளே விட்டு முழங்கால் வரை இழுத்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கடைசிப் பூட்ஸ் மாட்டும் வரை வேலாமணி நின்று பார்த்தாள்.

திரும்பி இறங்கும்போது பாதை வழவழவென்று இருந்தது. தகடு வைத்த கால் ஒரு இடத்தில் தயங்கியது. பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டது. யாருடைய கை என்று வேலாமணி திரும்பிப் பார்க்கவில்லை.